உடற்குறையுற்றார் உரிமையும் நமது உறக்கமும்

நம்மவர் வீடுகளில் ஒளித்து வைக்கப்படுவன இரண்டு. ஒன்று நகை, மற்றொன்று உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறையோடு பிறந்த குழந்தை. முன்னதைக் கள்வருக்கு அஞ்சி ஒளிக்கின்றோம். பின்னதை ஊராருக்கு அஞ்சி ஒளிக்கின்றோம். கலியாண வீட்டிற்குப் புறப்படுங்கால் நகை வெளியே வருகின்றது. குழந்தையோ பாட்டியின் காவலில் உள்ளறைக்குப் போகின்றது. தோட்டத்து லயங்களில் மட்டுமன்று, பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் இவ்வழக்கம் இன்றளவும் மறைந்தபாடில்லை.

இவ்விதம் நாம் ஒளிப்பதனால் மிகவும் நன்மையடைவது யார் என்று வாசகர்கள் எண்ணியதுண்டா? மலேசிய அரசாங்கத்தின் பொக்கிஷமே என்போம். கேளாதவர்க்குக் கொடுக்க வேண்டுவதில்லை. பதிவேட்டில் பெயரில்லாதவரைத் தேட வேண்டுவதுமில்லை. சர்க்கார் நம் வாசலுக்கு வருவதில்லை; நாமோ பிள்ளையை வாசலுக்குக் கொண்டு வருவதில்லை. இவ்விரு சோம்பல்களுக்கும் இடையே, வாய் திறந்து கேட்க இயலாத ஓர் உயிரின் பங்கு வீணாகின்றது. உடற்பேறு குறைந்தோர்க்குரிய உதவி உரிமையாக வீடு தேடி வருதல் வேண்டும் என்பதும், அதனைத் தருமமாக நினைக்கும் நம் மனப்பான்மை முதலில் ஒழிதல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்தப் புகுந்தவை.

முதலில் சட்டத்தைக் காண்போம். மலேசிய நாடாளுமன்றம் உடற்பேறு குறைந்தோர்க்கென ஒரு தனிச் சட்டம் இயற்றி, அது 2008 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் அமலுக்கு வந்தது. 685 ஆம் எண் கொண்ட அச்சட்டத்தைப் படிப்பவர்க்கு நெஞ்சு குளிரும். பொதுக் கட்டடங்களில் நுழையும் வசதி, வண்டிகளில் ஏறும் வசதி, கல்வி, வேலை, மருத்துவம் எனப் பற்பல உரிமைகள் அதிலே வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவ்வுரிமையை ஒருவர் மறுத்தால் அவர்க்கு என்ன தண்டனை என்று தேடினால் அங்கே ஒன்றுமில்லை. தண்டனை இல்லாதது போதாதென்று, 41 ஆம் பிரிவு வேறொரு காரியமும் செய்தது. நல்லெண்ணத்தோடு செய்ததற்காகவோ, செய்யாது விட்டதற்காகவோ அரசாங்கத்தின் மீதும் அதன் உத்தியோகஸ்தர் மீதும் வழக்குத் தொடுக்கலாகாது என்று அது காப்பளித்தது. கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் அடியிலேயே ‘இக்கடனைக் கேட்டு யாரும் நியாய ஸ்தலம் போகக் கூடாது’ என்று எழுதுவாருண்டோ? அத்தகைய பத்திரத்தை நம் வட்டிக் கடைக்காரர் யாரேனும் கையில் வாங்குவரோ?

இதற்கும் மேலானது நாட்டின் அரசியல் அமைப்புச் சட்டம். அதன் 8 ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு, சமயம், இனம், வமிசம், பிறந்த இடம் ஆகியவை காரணமாகக் குடிமக்களிடையே வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. 2001 ஆம் ஆண்டு பால் என்பதும் அவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. உடற்குறை என்னும் சொல்லோ அவ்வரிசையில் இடம்பெறவில்லை. 2010 ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியா, உடற்பேறு குறைந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. ஏற்கும்போதே 15, 18 ஆகிய இரு விதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என ஒதுங்கிக் கொண்டது. இவற்றுள் 18 ஆம் விதி என்பது குடியுரிமையும் நாட்டுரிமையும் பற்றியது. அவ்விதி நம்மவர்க்கு எத்துணை வேண்டியது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

சட்டம் ஏட்டில் கிடக்கட்டும். அதன் பயனைப் பெறுவதற்கு ஒரு குடும்பம் நடக்க வேண்டிய வழியைப் பார்ப்போம். பிள்ளை பேசவில்லை, நடக்கவில்லை, பிற பிள்ளைகளைப் போல் அறியவில்லை என்று தாய் உணர்கின்றாள். அவள் முதலில் அரசாங்க மருத்துவமனைக்குப் போதல் வேண்டும். சிறப்பு மருத்துவர் பார்ப்பதற்கு நாள் குறித்துக் கொடுப்பார்கள். அந்நாள் பல மாதங்களுக்கு அப்பால் இருப்பதும் உண்டு. மருத்துவர் சோதித்து, கேள்வி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல குறைகள் கலந்தது என்னும் ஏழு வகையுள் இது இன்னது என்று பாரத்தில் கையெழுத்திடுதல் வேண்டும். மன நோயாயின் குறைந்தது இரண்டாண்டுகள் வைத்தியம் செய்திருத்தல் வேண்டும். பின்னர் அப்பாரத்தையும், அடையாளக் கார்டையும், பிறப்புப் பத்திரத்தையும், படத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சமூக நல இலாகாவை அணுகினால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். கணினி வழியாகவும் மனுச் செய்யலாம் என்பர். தோட்டத்துப் பாட்டிக்குக் கணினி ஏது? பாரம் மலாய் மொழியில் இருக்கின்றது. தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த கிழவி அதில் எந்தக் கட்டத்தில் எதனை நிரப்புவாள்? முன்னாளில் தோட்டத்துக் கிராணியாவது ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், பட்டணத்து ஓரங்களில் வந்து விழுந்த குடும்பங்களுக்கு அந்தக் கிராணியும் இல்லை.

இவ்வளவும் கடந்து அட்டையைக் கையில் வாங்கிய தாய், உதவிப் பணம் இனித் தானே வரும் என்று காத்திருக்கின்றாள். அது வருவதில்லை. அட்டை வேறு, உதவி வேறு என்பதை நம்மவருள் பலர் அறியார். அட்டை என்பது குறையுண்டு என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. பணத்திற்கு மறுபடியும் வேறொரு மனு எழுதுதல் வேண்டும். அம்மனுவோடு குடும்பத்தாரின் சம்பளச் சீட்டு முதலியவற்றையும் காட்டுதல் வேண்டும். கிடைத்த உதவியும் நிலையானதன்று. காலந்தோறும் மறு ஆய்வு உண்டு. இரு கால்களையும் இழந்த ஒருவருக்கு அடுத்த ஆண்டில் கால் முளைத்திருக்குமோ என்று ஐயுறுவார் போல, மறுபடியும் காகிதம் கேட்கின்றார்கள்.

அப்பணம்தான் எவ்வளவு? 2021 ஆம் ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தில், வேலை செய்ய இயலாதவர்க்கான மாத உதவி 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாயிற்று. படுக்கையிலே கிடப்பவரைப் பேணுவோர்க்கு 350 வெள்ளி 500 ஆயிற்று. குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் உடற்பேறு குறைந்தோர்க்கு 400 வெள்ளி 450 ஆயிற்று. உயர்த்தியது நன்றே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டில் பட்டணங்களில் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் வேலையை விட்டு நின்ற தாய் இழந்தது 1,200, பெற்றது 300. இந்த 300 வெள்ளியும் குடும்பம் முழுவதும் வறுமைக் கோட்டிற்குக் கீழே இருந்தால்தான். அண்ணன் ஒருவன் ஆலை வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவரத் தொடங்கினால் தம்பியின் உதவிக்கு ஆபத்து வந்து சேரும். தம்பியின் குறை அண்ணனின் சம்பளத்தால் தீர்ந்துவிட்டதா? ஒருவன் உழைத்து முன்னுக்கு வருவதற்குக் குடும்பத்தின் மற்றொருவன் தண்டம் கட்டும் இந்த ஏற்பாட்டை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இவையெல்லாம் இருந்தும் சிலர், ‘கட்டுப்பாடில்லாவிடில் பொய்யர் பலர் புகுந்துவிடுவர்’ என்று வாதிக்கின்றனர். இவர்கட்கு நாம் கணக்கையே விடையாகத் தருவோம். 2019 ஆம் ஆண்டில் அரசாங்கச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 11.1 பேரும், 2 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 4.7 பேரும் ஏதோ ஒரு குறையோடு வாழ்வதாகக் கண்டனர். 2023 ஆம் ஆண்டில் சமூக நல இலாகாவின் பதிவேட்டில் இருந்தவர் ஆறு இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டோரே. மூன்று கோடிக்கு மேற்பட்ட ஜனத்தொகையில் அது நூற்றுக்கு இரண்டு பேர். ஆய்வு கண்ட குறைகள் அனைத்தும் அட்டைக்குரிய கடுமையான குறைகள் அல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். அதற்கு வேண்டிய அளவு கழித்த பின்னும், பதிவுக்குரியவராய் இருந்தும் வெளியே நிற்போர் மிகப் பலர் என்பது கணக்கறிந்த எவர்க்கும் விளங்கும். தகுதியின்றி உள்ளே புகுந்த ஒரு பொய்யனைத் தடுப்பதற்காகத் தகுதியுள்ள பலரை வெளியே நிறுத்தும் வேலியைக் காவல் என்று சொல்வது பொருந்தாது.

இனி, முன்னே சொன்ன குடியுரிமைக்கு வருவோம். சர்க்காரின் உதவிகள் குடிமக்களுக்கே உரியவை. நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு முதிர்ந்தோர் உண்டு; பிறப்புப் பத்திரமே இல்லாதவரும் உண்டு. இதற்கு அரசாங்கத்தின் கடுமை ஒரு காரணம். நம் அறியாமை மற்றொரு காரணம். 1976 ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் அமலாயிற்று. அதன் பின்னர் நடந்த திருமணம் பதிவு செய்யப்படாவிடில், கோயிலில் ஆயிரம் பேர் கூடி மேளம் கொட்டித் தாலி கட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது திருமணமன்று. அத்தகைய பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளை தந்தையின் குடியுரிமையைப் பெறாமல் தாயின் நிலையையே பெறும். தாய் குடியுரிமை இல்லாதவளாயின் பிள்ளைக்கும் இல்லை. அப்பிள்ளை குறையோடும் பிறந்துவிட்டால் அதற்கு அட்டை இல்லை, பணம் இல்லை, பள்ளியில் சேர்ப்பதும் பெரும்பாடு. நாள் பார்க்கவும், பந்தல் போடவும், மைசூர் பாகு செய்யவும் நேரம் இருந்த நம்மவர்க்குப் பதிவு அலுவலகம் செல்ல அரை நாள் கிடைக்கவில்லை. அந்த அரை நாளுக்குரிய விலையை ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் கொடுக்கின்றது.

இங்கே நம் சமூகத்தின் பெரிய மனிதர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. ஆண்டுக்கொரு முறை மேடை கட்டி, மாலை போட்டு, ஒரு சக்கர நாற்காலியைத் ‘தானம்’ செய்து, வாங்கியவரை நடுவிலே இருத்திப் படம் எடுத்துக் கொள்ளும் காட்சியைப் பல ஊர்களில் காணலாம். நாற்காலி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர் சொக்சோவிற்குச் சந்தா செலுத்திய தொழிலாளியாய் இருந்தாரா, 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்க்கு இயலாமைப் பென்ஷன் சேர வேண்டியிருக்கின்றதா என்று அம்மேடையில் ஒருவரேனும் வினவியதுண்டா? அப்பென்ஷன் தருமமன்று, தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் கட்டிய பணம். அதையும் மனுச் செய்து கேட்டால்தான் கொடுப்பர். அறியாத காரணத்தால் தம் சொந்தப் பணத்தையே கேளாதிருக்கும் ஒருவர்க்கு, ஒரு முறை நாற்காலி கொடுத்துப் பத்து முறை நன்றி வாங்குவதை நாம் ஈகை என்று ஒப்பமாட்டோம்.

இதனினும் கொடியது வினைப்பயன் என்னும் பேச்சு. ‘முற்பிறப்பில் செய்த பாவம்’ என்று சொல்லும் வாய், அக்குழந்தையை மட்டும் சுடுவதில்லை, பெற்றவளையும் குற்றவாளியாக்குகின்றது. பின்னர் அக்குற்றத்திற்குப் பரிகாரம் தொடங்குகின்றது. மந்திரிப்பவர்க்கு ஒரு தொகை, தாயத்துக்கு ஒரு தொகை, சாமியாடிக்கு ஒரு தொகை. இவ்விதம் ஓடும் ஆண்டுகளே பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் மிகுதியாகப் பயன்தரக்கூடிய இளம் பருவத்து ஆண்டுகள் என்பதை மருத்துவம் அறிந்தோர் கூறுவர். தலையெழுத்து என்று ஒப்புக்கொண்டவன் சர்க்காரிடம் எதைக் கேட்பான்? விதியை நம்புகிறவனிடம் உத்தியோகஸ்தருக்கு அச்சமில்லை. ஆகவே விதியென்னும் பேச்சு வீட்டோடு நிற்பதில்லை. அது மாவட்ட ஆபீசின் சோம்பலுக்கும் முட்டுக் கொடுக்கின்றது.

‘பிள்ளையைப் பேணுவது குடும்பத்தின் கடமையன்றோ? சர்க்காரிடம் கையேந்துவது மானக்கேடன்றோ?’ என்பாரும் நம்முள் இருக்கின்றனர். குடும்பம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றது. இருபது வயது மகனைக் குழந்தையைப் போல் தூக்கிக் குளிப்பாட்டி, இரவிலே பலமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கும் தாய்க்குக் கடமை என்னவென்று கற்பிக்க நமக்கு வாயில்லை. அவள் தூங்காத இரவுகளுக்குச் சம்பளம் கேட்கவில்லை. தான் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கலந்து கொடுத்த குடி என்ற முறையில், தன் பிள்ளையின் பங்கைக் கேட்கின்றாள். பாதையையும் மின்விளக்கையும் பயன்படுத்தும்போது நாம் யாரும் கையேந்தியதாக நினைப்பதில்லை. இதில் மட்டும் மானம் எங்கிருந்து வந்தது? உண்மையில் அத்தாயின் அச்சம் வேறொன்று. ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்பதே அது. முந்நூறு வெள்ளி அதற்கு விடையாகாது. உரிமையை உறுதி செய்யும் சட்டமும், வீடு தேடி வரும் இலாகாவும், அண்டை அயலாரின் அரவணைப்பும் ஒன்று சேர்ந்தால்தான் அதற்கு விடையுண்டு.

வீடு தேடி வருதல் கூடாத காரியமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். 1984 ஆம் ஆண்டிலே திரெங்கானுவைச் சேர்ந்த பத்து ராக்கிட் என்னும் கிராமத்தில் 55 பேரோடு ஒரு முயற்சியை இவ்வரசாங்கமே தொடங்கிற்று. உடற்பேறு குறைந்தோரைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பாமல், அவர்கள் வாழும் ஊரிலேயே, குடும்பத்தாரும் ஊராரும் துணையிருக்கப் பயிற்சி தருவதே அதன் நோக்கம். பி.டி.கே. என்று இன்று வழங்கும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் அதிலிருந்து நாடெங்கும் பரவின. ஆகவே கிராமத்திற்கு நடந்து வரும் வழி சர்க்காரின் கால்களுக்குத் தெரியாததன்று. கம்பத்திற்கு வந்த அக்கால்கள் லயத்திற்கும் வரட்டும் என்றே நாம் கேட்கின்றோம். வருமானத்தைக் கிளறாமல் கொடுப்பதும் கூடாததன்று. அண்டை நாடாகிய தாய்லாந்தில் 2010 முதல் பதிவு பெற்ற ஒவ்வொருவர்க்கும், அண்ணன் சம்பளம் என்ன என்று வினவாமலே மாதத் தொகை கொடுக்கலாயினர். 2015 இல் அது 800 பாட் ஆயிற்று. தொகை சிறிது, ஆனால் கொள்கை சரியானது. குறை யாருடையதோ உதவி அவருடையது என்பதே அக்கொள்கை.

கல்வியிலும் இவ்வாறே. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று கல்வி அமைச்சு 2019 முதல் ஒரு கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவேற்கின்றோம். ஆனால் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. வீட்டிலே தமிழ் ஒன்றே கேட்டு வளர்ந்த, பேச்சே தடுமாறும் பிள்ளை, தொலைவிலுள்ள வேற்று மொழிப் பள்ளியில் புதிய மொழியிலே புதிதாகப் பேசக் கற்றல் வேண்டும் என்பது சரிதானா? தமிழ்ப் பள்ளி வாரியங்கள் மண்டபம் கட்டுவதற்குக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியை இவ்வகுப்புகளைக் கேட்டுப் பெறுவதிலும் காட்டுதல் கூடும்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் வேண்டுவன இவை. 8 ஆம் விதியில் உடற்குறை என்னும் சொல் சேர்க்கப்படுதல் வேண்டும். 2008 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படுமாயின், உரிமை மறுப்போர்க்குத் தண்டனையும், மறுக்கப்பட்டவர்க்கு வழக்கிடும் வழியும் அதிலே இருத்தல் வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரே பாரத்திலேயே அட்டையும் உதவியும் பள்ளிச் சேர்க்கையும் தொடங்குதல் வேண்டும். நடக்க இயலாதவர் ஆபீசுக்கு வருவதை விட்டு, நடக்கக் கூடிய உத்தியோகஸ்தர் வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். மாறாத குறைகளுக்கு மறு ஆய்வு ஒழிதல் வேண்டும். விளக்கங்கள் தமிழிலும் அச்சிடப்படுதல் வேண்டும்.

நம்மவரிடம் வேண்டுவனவும் உண்டு. திருமணத்தையும் பிறப்பையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு கோயில் நிர்வாக சபையும், ஞாயிற்றுக்கிழமைதோறும் மலாய் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரை ஒரு மேசையோடு உட்கார வைக்கட்டும். மனு எழுதித் தரவும், ஆபீசுக்கு உடன் செல்லவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கவும் அவர் பழகட்டும். இதற்கு மேளமும் வேண்டா, மாலையும் வேண்டா. ஒரு மேசையும் ஒரு பேனாவும் போதும். இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோர் ஊர்தோறும் ஒன்றுகூடட்டும். தனித்தனியே போய் நிற்கும் தாயை ‘நாளை வா’ என்று அனுப்புவது எளிது. நாற்பது தாய்மார் சேர்ந்து வந்தால் அவ்விதம் சொல்ல நா எழாது.

தமிழ்ப் பெருமக்களே! இவ்வார இறுதியில் உங்கள் லயத்திலோ மாடி வீட்டிலோ எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்கின்றது என்று பாருங்கள். அதைத் தட்டுங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்; குறையைக் கேளாதீர்கள். அட்டை உண்டா, மனுப் போட்டாயிற்றா என்று வினவுங்கள். இல்லையெனில் திங்கட்கிழமை காலை அத்தாயோடு நீங்களும் புறப்படுங்கள்.